'பிரேக் அப்' என்ற ஆங்கில வினை: பொருளும் வழக்கும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'பிரேக் அப்' என்றால் காதலர்கள் பிரிவது மட்டும்தானா?

இல்லை. நம்முடைய அன்றாடப் பேச்சில் 'பிரேக்கப்' என்பது ஏறக்குறைய காதல் முறிவுக்கு மட்டுமே உரிய சொல்லாகிவிட்டது. ஆங்கிலத்திலோ அது இந்த வினையின் பல பயன்பாடுகளில் ஒன்று மட்டுமே. ஒன்றாக இருந்த ஒரு பொருளோ, கூட்டமோ, உறவோ, நிறுவனமோ பிரிந்து, அதன் பிறகு அதை 'ஒன்று' என்று சொல்ல முடியாத நிலையை அடைவதே இந்த வினையின் அடிப்படைப் பொருளாகும். பழைய கப்பலை உடைத்துப் பிரிப்பது, உறைந்த ஆற்றின் பனி வெடித்து நகர்வது, கூட்டம் கலைவது, சண்டையை விலக்கிவிடுவது, பேரரசு பல நாடுகளாகச் சிதறுவது, தொலைபேசியில் குரல் விட்டு விட்டுக் கேட்பது ஆகிய அனைத்துக்கும் ஆங்கிலேயர் இந்த ஒரே வினையைத்தான் பயன்படுத்துகின்றனர். ஓரிடத்தில் எந்தப் பொருள் கொள்வது என்பதை எழுவாய் யார் அல்லது எது, செயப்படுபொருள் உண்டா, பின்னால் 'வித்' வருகிறதா என்ற மூன்றையும் பார்த்து முடிவு செய்யலாம்.

'பிரேக்' என்றாலே உடைவதுதானே? 'அப்' எதற்காகச் சேர்கிறது?

இங்கே 'அப்' என்பதற்கு மேலே என்ற பொருள் கிடையாது. 'ஈட் அப்', 'டேர் அப்', 'யூஸ் அப்', 'கட் அப்' போன்றவற்றில் வருவதைப் போல, செயல் முழுமையாக நடந்து முடிந்தது என்பதையோ, பொருள் பல துண்டுகளாயிற்று என்பதையோ அது உணர்த்துகிறது. தமிழில் 'கடிதத்தைக் கிழித்தான்' என்பதற்கும் 'கடிதத்தைக் கிழித்துப் போட்டான்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். துணைவினையாக நிற்கும்போது 'போடு' என்பது தன் சொந்தப் பொருளை ஏறக்குறைய இழந்து, செயலின் முடிவையும் அழுத்தத்தையும் காட்டுகிறது. ஆங்கில 'அப்' செய்வதும் ஏறத்தாழ அந்த வேலைதான். எனவே நாற்காலியின் ஒரு கால் முறிந்தால் 'தி சேர் புரோக்' என்பது போதும். அடுப்பெரிக்க அதே நாற்காலியைச் சிறு சிறு துண்டுகளாக்கினால் 'தே புரோக் அப் தி சேர்' என்று எழுத வேண்டும்.

இருவர் உறவு முறிந்ததைச் சொல்லும்போது தொடரை எப்படி அமைப்பது?

இரண்டு அமைப்புகள் உள்ளன. இரண்டும் ஒரே செய்தியைச் சொல்வதில்லை. 'ரவி அண்ட் மாலா புரோக் அப்' என்றால் ரவியும் மாலாவும் பிரிந்தார்கள் என்பது மட்டுமே தெரியும். முடிவு யாருடையது என்பதை இந்தத் தொடர் சொல்லாது. 'மாலா புரோக் அப் வித் ரவி' என்றால் முடிவெடுத்தவர் மாலா என்றே ஆங்கிலம் அறிந்த வாசகர் பொருள் கொள்வார். மொழிபெயர்க்கும்போது இந்த வேறுபாடு பெரும்பாலும் தொலைந்துபோகிறது. முதல் தொடருக்கு 'பிரிந்துவிட்டார்கள்' பொருந்தும். இரண்டாவதற்கு 'ரவியுடனான உறவை மாலா முறித்துக்கொண்டார்' என்று எழுதினால்தான் செய்தி முழுமையாக வரும். தாமே முடிவெடுத்துப் பிரிந்த ஒருவர், பிறர் மனம் நோகக் கூடாது என்பதற்காக 'வி புரோக் அப்' என்று பொதுவாகச் சொல்வதும் உண்டு; அதுவும் ஒரு நாகரிகமே.

மணமாகாத காதலர்களுக்கு மட்டுமல்லாமல் கணவன் மனைவிக்கும் இதைப் பயன்படுத்தலாம். 'தெயர் மேரேஜ் புரோக் அப்' என்பது இயல்பான ஆங்கிலமே. ஆனால் இது பேச்சுக்கும் செய்திக்கும் உரிய வழக்கு; மணம் சட்டப்படி முடிந்துவிட்டது என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது.

பிரிவதற்கு 'ஃப்ரம்' தானே வர வேண்டும்? 'வித்' ஏன் வருகிறது?

'அவரைவிட்டுப் பிரிந்தார்' என்ற தமிழ் அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுவதால் 'புரோக் அப் ஃப்ரம் ஹிம்' என்று எழுதத் தோன்றுகிறது, அது பிழை. 'செப்பரேட்டட் ஃப்ரம் ஹிம்' சரி, 'புரோக் அப் வித் ஹிம்' சரி. இவை ஒன்றின் முன்னிடைச் சொல்லை மற்றொன்றுக்குக் கடன் தருவதில்லை. பள்ளிப் பிள்ளைகள் 'அவனோடு காய் விட்டேன்' என்கிறார்கள். பேச்சை நிறுத்தியதைச் சொல்லும் அந்தத் தொடரிலும் சேர்க்கையைக் குறிக்கும் 'ஓடு' உருபுதான் வருகிறது. உறவு இருவருக்கு இடையிலானது என்பதால், அதை முறிப்பவருக்கும் எதிர்ப்பக்கத்தில் ஒருவர் தேவைப்படுகிறார். அந்த எதிர்ப்பக்கத்தைத்தான் 'வித்' சுட்டுகிறது. 'ஃபைட் வித்', 'குவாரல் வித்', 'ஃபால் அவுட் வித்' ஆகியவற்றிலும் இதுவே நிலை.

'ஐ காட் பிரேக்கப்', 'ஷி பிரேக்கப் மீ', 'வி ஆர் பிரேக்கப்' என்பன சரியா?

மூன்றும் பிழை. 'பிரேக்கப் ஆயிடுச்சு' என்று தமிழில் பெயர்ச்சொல்லோடு 'ஆகு' சேர்த்துப் பேசிப் பழகியதன் விளைவாகவே இவை பிறக்கின்றன. ஆங்கிலத்தில் வினையை வினையாகவே நடத்த வேண்டும்: நிகழ்காலம் 'பிரேக் அப்', இறந்தகாலம் 'புரோக் அப்', முற்றுநிலைக்கு 'ஹேவ் புரோக்கன் அப்'. 'பிரேக்கப்டு' என்ற வடிவமே கிடையாது. பெயர்ச்சொல்லாக எழுத விரும்பினால் அதனுடன் 'கோ த்ரூ எ பிரேக்கப்' அல்லது 'கெட் ஓவர் எ பிரேக்கப்' என்பன பொருந்தும். முதலாவது முறிவின் வேதனையைக் கடந்துகொண்டிருப்பதையும், இரண்டாவது அதிலிருந்து மீள்வதையும் குறிக்கின்றன.

'ஷி புரோக் மீ அப்' என்பது இலக்கணப்படி நிற்கக்கூடிய தொடர்தான். ஆனால் அதன் பொருள் வேறு. அமெரிக்கப் பேச்சில் அது 'என்னை அடக்க முடியாமல் சிரிக்க வைத்துவிட்டாள்' என்று பொருள்படும். காதல் தோல்வியைச் சொல்ல வந்தவர் இப்படி எழுதினால் வாசிப்பவர் குழம்பிப்போவார். தாம் கைவிடப்பட்டதைச் செயப்பாட்டு வினையில் சொல்ல விரும்புவோர் 'ஐ வாஸ் டம்ப்டு' என்று பேச்சு வழக்கில் சொல்வர்; அது சற்றுக் கடுமையான சொல் என்பதால் அலுவலகக் கடிதங்களுக்கு உகந்ததன்று.

தானாகப் பிரிவதற்கும் பிறர் பிரிப்பதற்கும் ஒரே வடிவமா?

ஆம், தமிழர் தடுமாறும் முக்கியமான இடம் இதுவே. தமிழ் இந்த வேறுபாட்டை வினையின் வடிவிலேயே காட்டிவிடுகிறது: கூட்டம் கலைந்தது, காவலர்கள் கூட்டத்தைக் கலைத்தார்கள், குடும்பம் பிரிந்தது, சொத்துத் தகராறு குடும்பத்தைப் பிரித்தது, கட்டி உடைந்தது, கட்டியை உடைத்தார். ஆங்கிலத்தில் வினை மாறுவதில்லை. செயப்படுபொருள் வருகிறதா என்பதைப் பார்த்தே அறிந்துகொள்ள வேண்டும். 'தி கிரவுட் புரோக் அப்' என்றால் கூட்டம் தானாகக் கலைந்தது. 'தி போலீஸ் புரோக் அப் தி கிரவுட்' என்றால் காவல்துறை கலைத்தது. செய்தியை மொழிபெயர்ப்பவர் இதைக் கவனிக்காவிட்டால், தடியடி நடந்த இடத்தில் மக்கள் தாமாக வீடு திரும்பியது போல எழுதிவிட நேரும்.

காதலர் விஷயத்திலும் மூன்றாமவர் எழுவாயாக வரலாம். 'ஹிஸ் மதர் புரோக் தெம் அப்' என்றால் அவனுடைய தாய் அவர்கள் இருவரையும் பிரித்துவிட்டார் என்று பொருள். இங்கே 'வித்' வராது.

'பிரேக் இட் அப்' என்று நடுவில் சொல் வரலாமா?

செயப்படுபொருள் உள்ள பயன்பாட்டில் வரலாம். அது பெயர்ச்சொல்லாக இருந்தால் இரு இடங்களிலும் வைக்கலாம்: 'புரோக் அப் தி ஃபைட்', 'புரோக் தி ஃபைட் அப்'. பிரதிப்பெயராக இருந்தால் நடுவில்தான் வைக்க வேண்டும். 'பிரேக் அப் இட்' என்பது பிழை. கைகலப்பில் இறங்கியவர்களைப் பார்த்து ஆசிரியரோ காவலரோ 'பிரேக் இட் அப்!' என்று அதட்டுவது 'போதும், விலகுங்கள்!' என்பதற்கு நிகரானது. 'வித்' வரும் பயன்பாட்டில் நடுவில் எதையும் செருக முடியாது.

நாடுகள், நிறுவனங்கள், இசைக்குழுக்கள் பிரிவதற்கும் இதையே பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், ஆனால் இதற்கு அருகில் நிற்கும் சொற்களின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். சோவியத் ஒன்றியம் 1991 இல் 15 நாடுகளாகச் சிதறியதை 'பிரேக்-அப்' என்று எழுதுவது பரவலான வழக்கம். யூகோஸ்லாவியாவுக்கும் அப்படியே. 1947 இல் இந்தியாவும் பாகிஸ்தானும் உருவானதற்கு வரலாற்றில் நிலைத்த சொல் 'பார்ட்டிஷன்'. ஏனெனில் அது ஒரு சட்டத்தின்படி எல்லைக்கோடு போட்டுச் செய்யப்பட்ட பிரிப்பு. 2014 ஜூன் 2 அன்று ஆந்திரப் பிரதேசத்திலிருந்து தெலங்கானா தனி மாநிலமானதற்கு இந்திய நாளிதழ்கள் 'பைஃபர்கேஷன்' என்ற சொல்லைப் பயன்படுத்தின. ஒன்று திட்டமிட்டு இரண்டாக்கப்படும்போது அது பொருந்துகிறது. ஒரு பகுதி மட்டும் மற்றதைவிட்டு விலகித் தனியே செல்வதற்கு 'பிரேக் அவே' என்ற வினை உண்டு. அங்கே முழுமை குலையாமல் சிறுத்து நிற்கும். சிதறல், பங்கீடு, இரண்டாக்கல், விலகல் ஆகிய நான்கையும் 'பிரேக் அப்' என்ற ஒன்றால் மூடிவிடுவது அரசியல் கட்டுரையில் நேர்மையற்ற மங்கலை உண்டாக்கும் என்பது என் கருத்து.

நிறுவனங்களைப் பொறுத்தவரை, அரசோ நீதிமன்றமோ ஏகபோகத்தைப் பிரித்துப் போடுவதற்கு இந்த வினை மிகவும் பழக்கமானது. ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம் 1911 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பினால் 34 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் பெல் தொலைபேசி அமைப்பிலிருந்து 1984 ஜனவரி 1 அன்று ஏழு வட்டார நிறுவனங்கள் பிரிந்தன. இவ்விரண்டையும் ஆங்கில இதழ்கள் 'பிரேக்-அப்' என்றே குறிப்பிடுகின்றன. இங்கே 'உடைப்பு' என்று தமிழில் எழுதினால் வன்முறை நடந்தது போலத் தொனிக்கும். 'பல நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது' என்பதே தெளிவானது.

இசைக்குழுக்களுக்கு பீட்டில்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. அக்குழு 1970 இல் பிரிந்தது என்பதற்கு 'புரோக் அப்' என்று எழுதுவார்கள். ஆனால் அவர்களுக்கிடையிலான கூட்டாண்மை ஒப்பந்தத்தை முடிவுக்குக் கொண்டுவரும்படி குழு உறுப்பினர் பால் மெக்கார்ட்னி 1970 டிசம்பர் 31 அன்று லண்டன் உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கைப் பேசும்போது வரும் சொல் 'டிசால்வ்'. சட்ட உறவைக் கலைப்பதற்கு 'டிசால்வ்', மனிதர்கள் ஒன்றாக இயங்குவதை நிறுத்துவதற்கு 'பிரேக் அப்' என்று கொள்ளலாம்.

உயிரற்ற பொருள்களுக்கு இது எப்படிப் பயன்படுகிறது?

பழைய கப்பல்களை உடைத்துப் பிரிப்பது இதன் பழைய பயன்பாடுகளில் ஒன்று. 1805 இல் டிரபால்கர் கடற்போரில் பங்கேற்ற 'டெமரேர்' என்ற போர்க்கப்பல் 1838 இல் உடைக்கப்படுவதற்காக தேம்ஸ் ஆற்றில் இழுத்துச் செல்லப்பட்டது. அதை ஓவியர் டர்னர் வரைந்து 1839 இல் காட்சிக்கு வைத்தபோது, ஓவியத்தின் நீண்ட தலைப்பிலேயே 'டு பி புரோக்கன் அப்' என்ற சொற்கள் இடம்பெற்றன. நம் நாட்டில் 1997 இல் பணி ஓய்வு பெற்ற முதல் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் 2014 இல் மும்பையில் உடைக்கப்பட்டதற்கும் இந்த வினை அப்படியே பொருந்தும்.

விபத்துச் செய்திகளில் இந்த வினைக்கும் 'எக்ஸ்புளோட்' என்பதற்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேருடன் வளிமண்டலத்துக்குள் திரும்பிக்கொண்டிருந்த கொலம்பியா விண்கலம் சிதறியதை 'புரோக் அப்' என்று ஆங்கிலத்தில் எழுதுவர். உட்புகுந்த வெப்பத்தாலும் காற்றின் விசையாலும் அதன் உடல் பிய்ந்து துண்டுகளாயிற்றே தவிர, வெடிகுண்டைப் போல அது வெடிக்கவில்லை. விமான விபத்து விசாரணையிலும் 'இன்-ஃபிளைட் பிரேக்-அப்' என்பது ஒரு கலைச்சொல்லாகவே இருக்கிறது. இதை 'வெடித்துச் சிதறியது' என்று மொழிபெயர்ப்பது விபத்தின் காரணத்தையே மாற்றிச் சொல்வதாகும். 'பறக்கும்போதே உடைந்து சிதறியது' என்பது பாதுகாப்பான தமிழ்.

அலாஸ்காவில் உறைந்த ஆறுகள் வசந்தத்தில் பனி வெடித்து ஓடத் தொடங்கும் பருவத்துக்கே 'பிரேக்கப்' என்று பெயர். அங்குள்ள நெனானா என்ற சிற்றூரில், தனானா ஆற்றின் பனியில் நிறுத்திய மரச்சட்டம் நகர்ந்து கரையிலுள்ள கடிகாரத்தை நிறுத்தும் நாளையும் நிமிடத்தையும் முன்கூட்டியே கணிக்கும் பரிசுப் போட்டி 1917 முதல் நடந்துவருகிறது. 'பிரேக்கப் எப்போது?' என்று அலாஸ்காக்காரர் ஒருவர் கேட்டால், அவர் கேட்பது பெரும்பாலும் ஆற்றைப் பற்றித்தான்.

கிரிக்கெட் வர்ணனையில் 'தி பிட்ச் இஸ் பிரேக்கிங் அப்' என்பதை நான்காம், ஐந்தாம் நாள் ஆட்டங்களில் கேட்கலாம். ஆடுகளத்தின் மேற்பரப்பு வெடிப்பு விட்டுப் பெயர்வதால் சுழற்பந்து வீச்சாளர்களுக்கு உதவி கிடைக்கும் என்பதே செய்தி.

தொலைபேசியில் 'யூ ஆர் பிரேக்கிங் அப்' என்றால் என்ன பொருள்?

'உங்கள் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது' என்று பொருள். எழுவாய் 'யூ' என்று இருப்பதால், கேட்பவரின் சொந்த வாழ்க்கையைப் பற்றிய பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

'வி பிரேக் அப் ஆன் ஃப்ரைடே' என்று ஆங்கிலேயர் சொல்கிறார்களே?

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பள்ளியின் பருவம் முடிந்து விடுமுறை தொடங்குவதைக் குறிக்கும் வழக்கு இது. 'வெள்ளிக்கிழமையோடு எங்களுக்குப் பள்ளி முடிகிறது' என்பதே பொருள். லண்டனில் வாழும் உறவினரின் பிள்ளை இப்படிச் சொன்னால் திடுக்கிட வேண்டியதில்லை. அமெரிக்கர்களுக்கு இந்த வழக்கு பழக்கமில்லை.

சம்பள 'பிரேக்கப்', பில் 'பிரேக்கப்' என்று நம் அலுவலகங்களில் சொல்வது சரியான ஆங்கிலமா?

இந்திய ஆங்கிலத்தில் வேரூன்றிய வழக்கு இது; அடிப்படைச் சம்பளம், வீட்டு வாடகைப் படி, வருங்கால வைப்பு நிதி என்று மொத்தத் தொகையைப் பிரித்துக் காட்டும் பட்டியலைக் குறிக்கிறது. இந்தியாவுக்குள் இதைத் தவறு என்று திருத்தப் புறப்படுவது வீண் வேலை. ஆனால் பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் உள்ள வாடிக்கையாளருக்கு எழுதும்போது 'பிரேக்டவுன்' என்றே எழுத வேண்டும். 'காஸ்ட் பிரேக்டவுன்' என்றால் அவர்களுக்குச் செலவின் விவரப் பட்டியல் என்று உடனே விளங்கும். நம்மில் பலருக்கோ 'பிரேக்டவுன்' என்றதும் நடுவழியில் நின்றுபோன பேருந்துதான் நினைவுக்கு வருகிறது. அதனாலேயே அந்தச் சொல்லை எழுதத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை.

பிரிவைக் குறிக்கும் மற்ற ஃபிரேசல் வெர்ப்களோடு (வினையும் 'அப்', 'ஆஃப்' போன்ற சிறுசொல்லும் சேர்ந்தவற்றோடு) இதை எப்படி வேறுபடுத்துவது?

'ஸ்பிளிட் அப்' என்பது உறவு முறிவுக்கு ஏறக்குறைய மாற்றாக வரும். ஆனால் தற்காலிகப் பிரிவுக்கும் அது பொருந்தும். தொலைந்த பிள்ளையைத் தேடுபவர்கள் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து செல்வதற்கு அதுதான் சொல், 'பிரேக் அப்' அன்று. 'பிரேக் ஆஃப்' என்பது நடந்துகொண்டிருக்கும் ஒன்றைத் திடீரென அறுப்பதைக் குறிக்கும். நிச்சயதார்த்தம், பேச்சுவார்த்தை, தூதரக உறவு ஆகியவை அதற்கு உரியவை. யாருடைய குற்றமும் இல்லாமல் ஆண்டுகள் செல்லச் செல்ல நட்பு தேய்ந்துபோவதற்கு 'டிரிஃப்ட் அபார்ட்' என்பர்.

அதிகம் தவறாகக் கையாளப்படுவது 'பார்ட் வித்' என்பதாகும். ஒருவரிடம் விடைபெற்றுப் பிரிவது 'பார்ட் ஃப்ரம்'. மனமில்லாமல் ஒரு பொருளைக் கைவிடுவது அல்லது கொடுத்துவிடுவது 'பார்ட் வித்'. தாத்தாவின் கைக்கடிகாரத்தை விற்க மனம் வராதவர் 'ஐ குட் நாட் பார்ட் வித் இட்' என்பார். மனைவியைப் பிரிந்ததை 'பார்ட்டட் வித்' என்று எழுதினால், பழைய நூல்களில் அத்தகைய வழக்கு உண்டு என்றாலும், இன்றைய வாசகருக்கு அவரை ஒரு பொருளாகக் கருதியது போலவே தோன்றும்.

விண்ணப்பப் படிவத்தில் 'செப்பரேட்டட்' என்ற கட்டத்தை யார் குறிக்க வேண்டும்?

காதல் முறிந்தவருக்கு அந்தக் கட்டம் பொருந்தாது. மணமாகி, மணவிலக்குப் பெறாமல், துணையைவிட்டுத் தனியே வாழ்பவருக்கே அது உரியது. 1955 ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 10 ஆம் பிரிவு நீதிமன்ற வழியிலான பிரிவைப் பற்றியது; அதில் மணம் தொடர்வதால் மறுமணம் செய்துகொள்ள முடியாது. அதே சட்டத்தின் 13-பி பிரிவின்படி இருவரும் ஒப்புக்கொண்டு மணவிலக்குக் கோரும்போது, ஓராண்டாவது தனித்தனியே வாழ்ந்திருக்க வேண்டும். இங்கெல்லாம் சட்டத்தின் ஆங்கிலம் 'பிரேக் அப்' என்ற வினையைத் தொடுவதே இல்லை. சீர்செய்ய முடியாதபடி மணம் முறிந்துவிட்டதைக் காட்டி, அரசியலமைப்பின் 142 ஆம் பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றம் மணவிலக்கு வழங்கலாம் என்று 2023 மே 1 அன்று வந்த தீர்ப்பிலும் 'பிரேக்டவுன்' என்ற சொல்லே உள்ளது. ஆகவே மனுக்களிலும் உறுதிமொழிப் பத்திரங்களிலும் 'வி புரோக் அப்' என்று எழுதுவதைத் தவிர்க்க வேண்டும்.

பெயர்ச்சொல்லாக வரும்போது எழுத்தும் ஒலிப்பும் மாறுமா?

மாறும். வினை எப்போதும் இரண்டு தனிச் சொற்கள். ஒலிக்கும்போது அழுத்தம் 'அப்' மீது விழும். பெயர்ச்சொல்லை அமெரிக்கர் ஒரே சொல்லாகவும், பிரிட்டனில் பலர் நடுவில் சிறுகோடு இட்டும் எழுதுவர். அழுத்தம் 'பிரேக்' மீது விழும்.

'எங்களுக்கு பிரேக்கப் ஆகி ரெண்டு வருஷம் ஆகுது' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

'வி புரோக் அப் டூ இயர்ஸ் அகோ' என்பது எளிமையான, முற்றிலும் சரியான தொடர். கடந்துபோன காலத்தை அழுத்திச் சொல்ல விரும்பினால் 'இட்ஸ் பீன் டூ இயர்ஸ் சின்ஸ் வி புரோக் அப்' எனலாம். 'அகோ' வரும் தொடரில் 'ஹேவ் புரோக்கன் அப்' என்ற முற்றுநிலை வடிவம் சேராது. காலம் குறிப்பிடாமல் 'நாங்கள் பிரிந்துவிட்டோம்' என்று மட்டும் சொல்லும்போது 'வி ஹேவ் புரோக்கன் அப்' என்பது பொருந்தும்.